கிரவல் வீதியில் வெளிச்சைலன்சர் நிலைக்க வேண்டுமென்றால்

மோட்டார் சைக்கிளில் ஒறிஜினலுக்குப் பதிலாக வாங்கிப் பூட்டும் வெளிச்சைலன்சர், ஏ9 தார் வீதியில் குறையில்லாமல் ஓடினாலும், வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கமோ வவுனிக்குளம் பக்கமோ கிரவலில் கொஞ்சக் காலம் ஓடினால் சத்தம் மாறத் தொடங்கும். விற்றவரைத் திட்டிவிட்டு இன்னொன்றை வாங்கிப் பூட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் வெடிக்கும். சத்தத்தை அடக்கும் டப்பா பழுதாவது குறைவு. பழுதாவது அதைப் பிடித்திருக்கும் மூன்று இடங்கள்: எஞ்சினில் புகை வெளியேறும் வாயில் இருக்கும் கேஸ்கெட்டும் (கசிவை அடைக்கும் வளையம்) நட்டுகளும், முன்குழாயும் டப்பாவும் ஒன்றுக்குள் ஒன்று போகும் மூட்டு, பின்னால் பாரம் தாங்கும் பிராக்கெட். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே அதிரும். கிரவல் அதை இரட்டிப்பாக்கும். ஒறிஜினல் சைலன்சரில் இந்த அதிர்வை வாங்க ரப்பர் புஷ், தடித்த தகடு, சில வண்டிகளில் இரண்டாவது பிடி என்று எல்லாம் இருக்கும். வெளிச்சாமானில் பெரும்பாலும் ஒரு பட்டியும் ஒரு போல்ட்டும்தான்.

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 இல்தான் திரும்பத் திறக்கப்பட்டது. ஆகவே இங்கே பழைய பைக்குகள் நிறைய ஓடுகின்றன. எஞ்சின் வாயில் உள்ள ஸ்டட்டுகள் (நட் ஏறும் தலையில்லாப் புரிக்கம்பிகள்) பல வருடம் கழற்றாமல் கறள் ஏறிக் கிடக்கும். புதுச் சைலன்சர் வாங்கும் முன் அந்த ஸ்டட்டுகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

எங்கே கசிகிறது என்று பார்ப்பது

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். காலை நேரம் நல்லது. வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். கொட்டிலுக்குள் இந்தச் சோதனை செய்யக்கூடாது. புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

முதலில் கண்ணால் பாருங்கள். மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அந்த இடத்தில் புகை வெளியேறுகிறது. பிறகு சவர்க்காரத் தண்ணீரை மூட்டுகளில் தெளித்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். குழாய் சூடேற முன், முதல் அரை நிமிடத்துக்குள், நுரை எங்கே பொங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குள் தெரியாவிட்டால் இன்னொருவரைக் கொண்டு நனைத்து மடித்த சாக்கைச் சைலன்சர் வாயில் அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் உடனே திணறி நின்றால் மூட்டுகள் நன்றாக இருக்கின்றன. நிற்காமல் எங்கோ 'உஸ்ஸ்' என்று ஊதிக்கொண்டே ஓடினால் ஓட்டை இருக்கிறது. சத்தம் வரும் இடத்தில் காதை வைத்தால் போதும், கையை வைக்க வேண்டாம்.

சத்தமும் நிறையச் சொல்லும். குளிரில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் எஞ்சின் வாய்க் கேஸ்கெட். குழாய் சூட்டில் விரிந்து ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கிறது, அவ்வளவுதான். திரொட்டிலை விட்டதும் பின்னால் படபடவென்று வெடித்தால், டப்பாவுக்கு முன்னால் எங்கோ வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. அல்லது எஞ்சினுக்குள் போகும் காற்று, பெற்றோல் கலவையில் பெற்றோல் குறைவு. தகரம் தட்டுவது போன்ற கீச்சுச் சத்தம் பெரும்பாலும் வெப்பக் கவசத்தின் ஸ்க்ரூ. உள்ளே உருளும் மொத்தைச் சத்தம் என்றால் பஃபிள், அதாவது டப்பாவுக்குள் சத்தத்தைக் குறைக்கும் தடுப்பு, கழன்றுவிட்டது. வண்டி முன்பு ஏறிய குளக்கட்டில் இப்போது ஏறத் திணறினால், கழன்ற பஃபிள் வழியை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கார்பரேட்டரில் கை வைப்பது அதற்குப் பிறகு.

பழைய நட்டைக் கழற்றுவது

எஞ்சின் வாய் நட் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் ஸ்டட்டில் இருக்கும். அதற்குப் பத்தாம் நம்பர் சாவி. ஸ்டட் 8 மில்லிமீற்றர் என்றால் 12 அல்லது 13. திறந்த வாய்ச் சாவியால் தொடங்க வேண்டாம், நட்டின் மூலைகள் உருண்டுவிடும். பொக்ஸ் சாவியோ ரிங் சாவியோ எடுங்கள்.

முதல் நாள் இரவே கறள் நீக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். இல்லாவிட்டால் டீசலைத் துணியில் நனைத்து நட்டைச் சுற்றி வைத்தாலும் பாதி வேலை நடக்கும். காலையில் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றும்போது முதலில் ஒரு இழை இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். கால் சுற்றுத் தளர்த்தி, எட்டில் ஒரு பங்கு சுற்றுத் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்த வேண்டும். நேராக இழுத்தால் ஸ்டட் முறியும். முறிந்தது அலுமினியத் தலைக்குள் என்றால் வீட்டில் துளைக்கப் போக வேண்டாம். துளைபோடும் அலகு உருக்கை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் சரிந்து போகும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ லேத் வேலை செய்பவரிடம் தலையைக் கொண்டு போவதுதான் மலிவு.

ஸ்டட் முறியாமல் வந்தாலும் புரி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டில் சாவி போட்டுத் திருப்பினால் ஸ்டட் கழன்று வரும்.

பூட்டும் ஒழுங்கு

கெட்டுப் போகும் சைலன்சர்களில் பெரும்பாலானவை கெட்டுப் போகத் தொடங்குவது பூட்டிய நாளிலேயே. கராஜில் அவசரத்தில் செய்வது இப்படி: முன் நட்டுகளை முழுதாக இறுக்குவார்கள், பின்னால் ஓட்டை பொருந்தாது, டப்பாவைக் கையால் இழுத்துப் பிடித்து போல்ட்டைத் திணிப்பார்கள். அந்த இழுவை குழாய்க்குள் நிரந்தரமாக நின்றுவிடும். அதோடு வெப்பமும் சேர்கிறது. அரை மீற்றர் நீள ஸ்டெயின்லஸ் குழாய் 400 பாகை சூடேறினால் 3 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். அது நகர இடம் இல்லாவிட்டால் பிராக்கெட் வெல்டிங்கின் ஓரத்தில் கீறல் விழும்.

ஆகவே எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் மாட்டுங்கள். புதுக் கேஸ்கெட்டை எஞ்சின் வாயில் வையுங்கள். அது நசுங்கி அடைக்கும் வளையம். ஒருமுறை நசுங்கியது திரும்ப நசுங்காது, ஆகவே ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதியது வேண்டும். மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இருப்பவர்கள் சாமான் வாங்கப் போகும்போது இரண்டாக வாங்கி வைத்தால் இன்னொரு பயணம் மிச்சம். விழுந்துவிடாமல் இருக்க இரண்டு இடத்தில் ஒரு பொட்டுக் கிரிஸ் போதும். எஞ்சினுக்குள் பழைய வளையம் ஒட்டியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

ஸ்டட்டின் புரியில் செம்புக் கிரிஸ் கொஞ்சம் பூசுங்கள். சாதாரணக் கிரிஸ் எரிந்து கரியாகி, அடுத்த முறை நட்டைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டை இந்த இடத்தில் போடக்கூடாது. ஏறத்தாழ 120 பாகைக்கு மேல் அதன் பிடி விட்டுவிடும். முழுக்க உலோகத்தால் ஆன லொக் நட்டோ பித்தளை நட்டோ சரி. ஸ்பிரிங் வாசரும் சூட்டில் விறைப்பை இழக்கும், அதை நம்ப வேண்டாம்.

இப்போது பின் பிராக்கெட்டின் ஓட்டையைப் பாருங்கள். கையால் பிடிக்காமலே போல்ட் உள்ளே போக வேண்டும். 2 மில்லிமீற்றர் வரை விலகியிருந்தால் ஓட்டையை அரத்தால் நீளமாக்கலாம். பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் வாசர் அடுக்குங்கள் அல்லது குழாய்த்துண்டு வெட்டி வையுங்கள். அதற்கு மேல் விலகல் என்றால் அந்தச் சைலன்சர் உங்கள் வண்டிக்குச் செய்தது இல்லை. பிராக்கெட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும், அல்லது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இறுக்கும் வரிசை: முதலில் எஞ்சின் வாய், அடுத்துப் பின் பிராக்கெட், கடைசியில் நடு மூட்டின் கிளாம்ப். முன் நட்டுகள் இரண்டையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறு பக்கம் போனால் வளையம் சரிந்து நசுங்கும். 6 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவு போதும்: 15 சென்ரிமீற்றர் நீளச் சாவியின் நுனியில் 7 கிலோ பாரம் தொங்குவது போன்ற இறுக்கம். 8 மில்லிமீற்றருக்கு அதன் இரு மடங்கு. உங்கள் வண்டியின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நீளக் குழாய் மாட்டி இறுக்குகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

நடு மூட்டில் ஒன்றுக்குள் ஒன்று தளர்வாக இருந்தால் கிளாம்பை இறுக்கிப் பயனில்லை. இடைவெளியை நிரப்ப வேண்டும். சரியான கிராபைட் வளையம் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் ரின்மீன் பேணியின் பக்கத் தகட்டை ஒரு அங்குல அகலத்தில் வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றிச் செருகலாம். இது பலரும் செய்வது, பல மாதம் நிற்கும். அதன்மேல் சைலன்சர் பேஸ்ட் பூசினால் பத்து நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓட விட்டுக் காய வையுங்கள். சிவப்புச் சிலிக்கோனை இந்த மூட்டில் போடலாம்; எஞ்சின் வாயில் போடக்கூடாது. அங்கே வரும் வாயு, வண்டி பாரம் இழுக்கும்போது, 600 பாகைக்கு மேல் இருக்கும், சிலிக்கோன் முந்நூறு சொச்சத்திலேயே உதிரத் தொடங்கும்.

பூட்டி முடிந்ததும் இரண்டு பேரை ஏற்றி உட்கார வையுங்கள். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டி என்றால் மூட்டையோடு. டப்பாவுக்கும் ரயருக்கும், டப்பாவுக்கும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆமுக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறேக் பெடலை முழுதாக மிதித்துக் குழாயில் முட்டுகிறதா என்று பாருங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பல வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் மடங்கும்போது முட்டி நிற்கும் ரப்பர், ஒறிஜினல் சைலன்சரில்தான் இருக்கும். வெளிச்சைலன்சரில் அது இல்லாவிட்டால் ஸ்டாண்ட் மேலே போய்ச் செயினிலோ ஸ்விங் ஆமிலோ அடிக்கும். ஒரு நிறுத்தி வெல்ட் செய்யுங்கள், அல்லது சென்டர் ஸ்டாண்டையே கழற்றி வையுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்து குளிர்ந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை பாருங்கள். பிறகு 100 கிலோமீற்றரில், அதன் பின் கிரவலில் ஓடுகிறவர்கள் 500 கிலோமீற்றருக்கு ஒருதரம்.

பிராக்கெட்டும் வெல்டிங்கும்

இரும்பும் இரும்பும் நேரடியாக இறுகிய பிராக்கெட் கிரவலில் நிலைக்காது. நடுவில் ரப்பர் புஷ் வேண்டும், புஷ்ஷுக்குள் உருக்குக் குழாய் வேண்டும்; போல்ட் அந்தக் குழாயில் இறுக வேண்டும், ரப்பரை நசுக்கக் கூடாது. கிடைக்காதவர்கள் பழைய ரயர்ப் பக்கத்தில் வட்டம் வெட்டிப் போடுகிறார்கள். குழாயில் இருந்து ஒரு சாண் தூரத்தில் என்றால் அது தாங்கும்.

கீறல் விழுந்தால் அதன் மேலேயே வெல்டிங் அடிப்பது வழக்கம். அடுத்த மாதம் அதன் பக்கத்தில் புதுக் கீறல் வரும். காரணம், 1 மில்லிமீற்றர் தகட்டில் ஒரு தடித்த பட்டி பிடிக்கப்பட்டிருப்பது. அதிர்வெல்லாம் அந்தத் தகட்டின் ஒரே கோட்டில் சேர்கிறது. முதலில் கீறலின் இரண்டு நுனியிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு 2 மில்லிமீற்றர் தகட்டில், மூலைகளை வட்டமாக்கி, பட்டியை விட இரு மடங்கு அகலத்தில் ஒரு ஒட்டுத் தகடு வைத்து அதன் மேல் பட்டியை வெல்ட் செய்யச் சொல்லுங்கள். சாதாரணக் குச்சி வெல்டிங் மெல்லிய குழாயில் ஓட்டை போட்டுவிடும். மிக் அல்லது டிக் வெல்டிங் உள்ள இடத்துக்குக் கொண்டு போவது நல்லது. ஸ்டெயின்லஸில் சாதாரணக் குச்சி போட்டால் அந்தத் தையல் முதலில் கறள் பிடிக்கும். சைலன்சரைக் கழற்றிக் கொடுங்கள். வண்டியிலேயே அடிக்க வேண்டி வந்தால் பற்றரியின் இரண்டு வயரையும், பெற்றோல் இஞ்செக்சன் வண்டியில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) சொக்கெட்டையும் கழற்றிய பிறகு மட்டும்.

கிளாஸ் வூல்

டப்பா முன்பை விடச் சத்தமாகி, வெளிப்பக்கம் நிறம் மாறினால் சத்தத்தை அடக்க உள்ளே நிரப்பிய கிளாஸ் வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) எரிந்து வெளியே போய்விட்டது. ரிவெட்டைத் துளைத்து மூடியைக் கழற்றி, பழையதை எடுத்து, நடுக் குழாயின் துளைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். நடுக் குழாயை ஒட்டி ஸ்டீல் வூல் ஒரு படை சுற்றினால் மேலுள்ள கிளாஸ் வூல் கூடக் காலம் இருக்கும். அளவு லீற்றருக்கு 100 முதல் 150 கிராம். 10 சென்ரிமீற்றர் விட்டம், 35 சென்ரிமீற்றர் நீளம், நடுக் குழாய் நாலரை சென்ரிமீற்றர் உள்ள டப்பாவில் இடைவெளி ஏறத்தாழ 2.2 லீற்றர், ஆகவே 220 முதல் 330 கிராம் வரை. அதற்கு மேல் திணித்தால் சத்தம் குறையாது, கூடும். கூரைக்குப் போடும் கிளாஸ் வூலில் பசை இருக்கும். அது நாறிப் புகைந்து சீக்கிரம் போய்விடும். திரும்பப் பூட்ட 4.8 மில்லிமீற்றர் ஸ்டெயின்லஸ் ரிவெட். அலுமினிய ரிவெட் கிரவலில் தளரும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் போடுங்கள். தோலில் பட்டால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள்.

கலவை

வெளிச்சைலன்சர் புகையைச் சுலபமாக விட்டால், கார்பரேட்டர் வண்டியில் கலவை பெற்றோல் குறைந்ததாக மாறும். பிளக்கின் நுனி வெளுத்திருக்கும், எஞ்சின் சூடேறும், திரொட்டிலை விடும்போது வெடிக்கும். மூட்டுகளில் கசிவில்லை என்று உறுதி செய்த பிறகே கார்பரேட்டரைத் தொடுங்கள். கலவை ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் ஸ்க்ரூ. இடப்பக்கம் திருப்பினால் பெற்றோல் கூடும். எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, வலப்பக்கம் திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். அதிலும் சரிவராவிட்டால் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாகப் போடுங்கள். பிளக் நுனி வெளிறிய பழுப்பு நிறத்தில் வர வேண்டும்.

இஞ்செக்சன் வண்டியில் ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால் கசிந்தால், உள்ளே போகும் காற்றைச் சென்சர் பெற்றோல் குறைவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பெற்றோல் விடச் செய்யும். லீற்றருக்கு ஓடும் தூரம் திடீரெனக் குறைந்தால் அந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும். சென்சருக்கு இடமில்லாத முன்குழாயை வாங்கவே வேண்டாம்.

மாரி, சோளகம், வைக்கல்

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். வீட்டிலிருந்து சந்திக்கடைக்குப் போய் வரும் ஓட்டத்தில் குழாய் சரியாகச் சூடேறாது; தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஒறிஜினல் சைலன்சர் பலவற்றில் அடியில் இருக்கும் சிறு துளை அதற்குத்தான். வெளிச்சைலன்சரில் இல்லாவிட்டால் பின் மூடியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். கிழமையில் ஒருநாளாவது அரை மணித்தியாலம் ஓட்டுங்கள்.

மாரியில் வாய்க்கால் உடைத்து வீதியால் தண்ணீர் ஓடும்போது திரொட்டிலை விடாமல் முதல் கியரில் மெதுவாகக் கடக்க வேண்டும். சைலன்சர் வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக் கரையேற்றி, முன் சக்கரத்தை உயர்த்தி வடிய விட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அலம்பில், கொக்கிளாய்க் கரையோரத்தில் ஓடும் வண்டிகளைக் குளிர்ந்த பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

அறுவடைக் காலத்தில் களத்து வைக்கலுக்கு மேல், சோளகம் அடிக்கும் ஆடி ஆவணியில் காய்ந்த புல்லுக்கு மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தக்கூடாது. வெளிச்சைலன்சர் பலவற்றுக்கு வெப்பக் கவசம் கிடையாது. பின்னால் இருப்பவரின் காலும் சேலையும் அதே காரணத்தால்தான் சுடுபடுகின்றன. கவசம் தனியாக வாங்கிப் பூட்டுங்கள். சுட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசை வேண்டாம்.

வழியில் விட்டால்

இருக்கைக்குக் கீழே ஒரு பத்தாம் நம்பர் சாவி, இரண்டு நட், ஒரு கேஸ்கெட், ஒரு முழக் கட்டுக்கம்பி, பெரிய கிளிப் ஒன்று. பிராக்கெட் முறிந்தால் கம்பியால் கட்டி வீடு வரலாம். நைலோன் கயிறு உருகும். முன் நட் ஒன்று விழுந்து மற்றது நின்றால் மெதுவாக வரலாம். இரண்டும் போனால் ஓட்டாதீர்கள்: குழாய் ஆடி, நிற்கும் ஸ்டட்டின் புரியையும் தின்றுவிடும்.

பஃபிளைக் கழற்றிச் சத்தம் கூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பொலிஸ் மறித்தால் தண்டப்பணம், சைலன்சரைக் கழற்றி வைக்கச் சொல்வதும் உண்டு. வேகமும் கூடாது; சிறிய எஞ்சினில் தாழ்ந்த சுற்றில் இழுவை குறையும், கிரவலில் வேண்டியது அந்த இழுவைதான். வருடாவருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஒறிஜினல் சைலன்சருக்குள் இருந்த, புகையின் நஞ்சைக் குறைக்கும் கற்றலிக் கொன்வேட்டர் வெளிச்சாமானில் இல்லாவிட்டால் அங்கே சிக்கல் வரலாம்.

அதனால் ஒறிஜினலைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு ஆட்டி, மீதியை வடித்து, இரண்டு வாயையும் சீலையால் அடைத்து, நிலத்தில் படாமல் தொங்க விடுங்கள். பிராக்கெட் இரண்டாம் முறை முறிந்தால் திரும்ப அதையே பூட்டுங்கள். தினமும் கிரவலில் ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரி. பூட்ட முன் சீலையை எடுங்கள். முதல் ஓட்டத்தில் வெள்ளையாகப் புகைக்கும், அது அந்த ஒயில் எரிவது.